ரசனையும் வரையறுக்கப்பட்ட பொறுப்பும்

1

பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்ற உரையாடலில் ஒரு போட்டி வருகிறது. யார் வேண்டுமானாலும் எந்தக் கலையை வேண்டுமானாலும் ஊர்முன் நிகழ்த்தலாம். எது அதிக இன்பம் தந்தது என்று பார்வையாளர்கள் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகள் பொம்மலாட்டக்காரனுக்குப் பரிசு கொடுப்பார்கள். சற்று வளர்ந்த பையன்கள் ஹாஸ்ய நாடகத்துக்கு. படித்த பெண்களும் இளைஞர்களும், ஏறக்குறைய மற்ற எல்லாருமே, துன்பியல் நாடகத்துக்கு. கிழவர்கள் ஹோமரை ஓதுகிறவனுக்கு. இவர்களில் யார் தீர்ப்பு சரி? கிழவர்களுடையதுதான் என்று முடிவாகிறது. அந்த உரையாடலில் பேசுகிற மூவருமே கிழவர்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்த முடிவில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பிறகு, 1757-ல், டேவிட் ஹ்யூம் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையிலும் இதே விஷயம் வேறு விதமாக வருகிறது. இருபது வயதில் ஒருவனுக்கு ஓவிட் பிடிக்கலாம், நாற்பதில் ஹொரேஸ், ஐம்பதில் டாசிடஸ் என்கிறார் அவர். இரத்தத்தின் சூடு தணியத் தணிய நண்பர்களை மாற்றிக்கொள்வதுபோல ஆசிரியர்களையும் மாற்றிக்கொள்கிறோம். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை, தவிர்க்கவும் முடியாது என்பது ஹ்யூமின் கட்சி.

இருவரும் சொல்வதில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. ரசனை வயதுக்கு வயது வேறுபடுகிறது என்றுதான் இருவரும் சொல்கிறார்கள். பிறந்த வருஷத்துக்கு வருஷம் வேறுபடுகிறது என்று சொல்லவில்லை. இன்று பொம்மலாட்டத்துக்குக் கைதட்டும் குழந்தை அறுபது வருஷம் கழித்து ஹோமருக்குத் தலையாட்டும். ஓவிட்டைப் படிக்கும் மகனும் டாசிடஸைப் படிக்கும் தகப்பனும் ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக நடப்பவர்கள். தகப்பனுக்கு மகன் ரசனை அந்நியமானதல்ல. அவர் கடந்து வந்த இடம் அது. மகனுக்கும் தகப்பன் ரசனை போய்ச் சேர வேண்டிய இடம். இடையில் இருப்பது தூரம் மட்டும்தான், சுவர் அல்ல.

என் வீட்டில் இருப்பது சுவர். அப்பா கேட்ட சங்கீதத்தை என் அறுபதாவது வயதில் நான் வந்தடையவில்லை. 1978-ல் எனக்குப் பதினைந்து வயதில் எது பிடித்ததோ அதுவே இன்றும் பிடித்திருக்கிறது. என் மகள் நாளைக்கு என்னிடம் வந்து சேரப்போவதில்லை என்பதும் நிச்சயம். நாங்கள் மூவரும் ஒரு சாலையில் நடக்கவில்லை. அவரவர் பிறந்த இடத்தில் அவரவர் உட்கார்ந்திருக்கிறோம். வயது என்பது மாறக்கூடியது, தலைமுறை மாறாது. அதில் பிறக்கலாம், வெளியேற முடியாது. இந்த நாட்டுக்காரர்களுக்கு இந்த அமைப்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பிளேட்டோவுக்கும் ஹ்யூமுக்கும் தெரியாத இந்தச் சுவர் எப்போது வந்தது?

2

இரண்டு பதில்கள் சுலபமாகக் கிடைக்கும். இரண்டும் போதாதவை.

முதலாவது, இது உடம்பின் காரியம் என்பது. 1989-ல் ஹோல்ப்ரூக், ஷின்ட்லர் என்ற இரு அமெரிக்கர்கள் பல வயதினருக்கும் பல காலத்துப் பாட்டுக்களைப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். சராசரியாகத் தமக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும்போது வெளிவந்த பாட்டுக்களையே ஒவ்வொருவரும் அதிகம் விரும்பினார்கள் என்று தெரிந்தது. இளமையில் காதில் விழுந்தது ஈரச் சிமெண்டில் பதிந்த காலடிபோல நின்றுவிடுகிறது. இந்த முடிவு வெளிவந்தது உளவியலாளர்களின் பத்திரிகையில் அல்ல, நுகர்வோர் நடத்தையை ஆராயும் பத்திரிகையில் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

ஆனால் இளமையின் சிமெண்ட் எக்காலத்திலும் ஈரமாகத்தான் இருந்திருக்கும். பாட்டி கேட்ட அதே தாலாட்டில், அதே ஒப்பாரியில், அதே கோயில் நாயனத்தில்தான் பேத்தியின் காதும் திறந்தது என்றால், பதிந்த காலடி இருவருக்கும் ஒன்றே. பதிவதால் மட்டும் தலைமுறை உண்டாகிவிடாது. அப்பாவின் இருபதில் ஒலித்த உலகமும் மகனின் இருபதில் ஒலிக்கும் உலகமும் வேறு வேறாக இருந்தால்தான் உண்டாகும். உடம்பு பதிவு செய்யும் காரணத்தைச் சொல்கிறது. பதியும் பொருள் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

இரண்டாவது பதில், புதுமைக்கும் பழமைக்கும் எப்போதும் சண்டை உண்டு என்பது. உண்டுதான். 1324-25 வாக்கில் போப் இருபத்திரண்டாம் ஜான், தேவாலய இசையில் புகுந்துவிட்ட புதிய பாணியைக் கண்டித்து ஆணையே பிறப்பித்தார். சுரங்களைப் பொடிப்பொடியாக்குகிறார்கள், பழைய மெட்டு காணாமல் போகிறது என்பது அவர் புகார். இருந்தாலும் அது மார்க்கங்களுக்கிடையே நடந்த சண்டை. பழைய பாணியில் ஊறிய இளைஞனும் புதிய பாணியை உண்டாக்கிய முதியவனும் அதில் இருந்திருக்க முடியும். கட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிறந்த தேதியைச் சொன்னால் ஒருவனுடைய பாட்டைச் சொல்லிவிடலாம் என்ற நிலைமை இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் சங்கீதத்துக்குள் புதிதாக நுழைந்த ஆசாமி யார் என்று பார்க்க வேண்டும்.

3

அந்த ஆசாமி மனிதனல்ல. சட்டப்படி மனிதன்; அவ்வளவுதான்.

உடல் இல்லாமல், பலர் சேர்ந்து ஒரு 'ஆள்' ஆகலாம் என்ற எண்ணம் வியாபாரிகளுடையதல்ல. மடங்களும் நகரசபைகளும் சர்வகலாசாலைகளும் இடைக்கால ஐரோப்பாவில் அப்படித்தான் இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போப் நான்காம் இன்னொசென்ட், இப்படிப்பட்ட கூட்டு அமைப்பு ஒரு கற்பனை நபர் என்றும், ஆன்மா இல்லாததால் அதைச் சமயப் பிரஷ்டம் செய்ய முடியாது என்றும் கருதினார். மடாதிபதி செத்தாலும் மடத்தின் நிலம் மடத்துக்கே இருக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவை அது. சாவை ஏமாற்றும் உபாயம்.

வியாபாரிகள் இந்த உபாயத்தைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக்கொண்டார்கள். 1600 டிசம்பர் 31-ல் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பத்தில் ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனித்தனியே முதல் திரட்டியது. கப்பல் திரும்பி வரும், மிளகு விற்கும், போட்டவர்கள் முதலையும் லாபத்தையும் பிரித்துக்கொள்வார்கள். கணக்கு முடிந்துவிடும். ஒரு பயணம், ஓர் ஆயுள். 1657-ல்தான் அதற்கு நிரந்தர முதல் ஏற்பட்டது: போட்ட பணம் திரும்பி வராது, பங்கை வேண்டுமானால் இன்னொருவனிடம் விற்றுக்கொள்ளலாம். அந்த வருஷம் கம்பெனி சாவதை நிறுத்திக்கொண்டது என்று சொல்லலாம். 1874-ல் கலைக்கப்படும்வரை அது என்னென்ன செய்தது என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

சாவு போன பிறகு கடன் மிச்சமிருந்தது. கூட்டு வியாபாரம் நொடித்தால் பங்காளியின் வீடும் மாடும் போகும் என்பதே பழைய நியாயம். பிறர் பணத்தை நிர்வகிக்கிறவன் தன் பணத்தைப்போல அதைக் கவனிக்கமாட்டான் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே கவலைப்பட்டார். ஆனால் ரயில்பாதை போடவும் சுரங்கம் வெட்டவும் முகம் தெரியாத ஆயிரம் பேரின் பணம் வேண்டியிருந்தது. 1855-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பதைச் சட்டமாக்கியது. பங்குக்குக் கொடுத்ததுதான் போகும், அதற்கு மேல் ஒரு செம்புக் காசு போகாது. 'லிமிடெட்' என்று கடைப் பலகைகளில் நாம் வாசிக்கிற சொல் அதுதான். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதை அதன் எல்லைவரை கொண்டுபோயிற்று. சாலமன் என்ற லண்டன் தோல் வியாபாரி தன் சொந்தக் கடையைக் கம்பெனியாக்கி, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டு மீதி இருபதாயிரத்துச் சொச்சம் பங்கைத் தானே வைத்துக்கொண்டார். கம்பெனி நொடித்தது. சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு. கம்பெனியின் கடனுக்கு சாலமன் பொறுப்பல்ல என்பது தீர்ப்பு.

சாகாதவன், ஆன்மா இல்லாதவன், பொறுப்புக்கு எல்லை உள்ளவன். இந்த மூன்று லட்சணங்களும் பூர்த்தியான ஓரிரு வருஷத்துக்குள் லண்டனில் கிராமபோன் கம்பெனி ஏற்பட்டது.

4

அந்தக் கம்பெனியின் முத்திரை நம் வீடுகளுக்குள் வந்தது. நாய் மார்க் தட்டு என்பார்கள். பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர், இறந்துபோன தம் சகோதரரின் நாய் ஓர் ஒலிக்கருவியின் முன் உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்பதாக வரைந்தார். முதலில் வரைந்தது எடிசன் வகையான உருளைக் கருவியை. 1899-ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது உருளைக் கருவியை அழித்துத் தன் தட்டுக் கருவியை அதன்மேல் வரையச் சொல்லிற்று. எஜமானர் 1887-லேயே இறந்துவிட்டார். படம் விலைபோவதற்குள் நாயும் செத்துவிட்டது. கீழே பழைய கருவி, மேலே புதிய கருவி. கேட்கிற நாய் மட்டும் அதே இடத்தில். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

1902-ல் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். தட்டு அச்சானது ஜெர்மனியில் ஹனோவரில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்த அம்மாள் பாட்டு முடிந்ததும் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது. தட்டுக்கு வேண்டிய அரக்கு இந்தியாவில் விளைவதுதான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். மணிக்கணக்கில் விரிய வேண்டிய ராகம் அதற்குள் அடங்க வேண்டும், அடக்கினார்கள். அடங்கியதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அதுவே ராகத்தின் அளவாயிற்று.

கம்பெனிக்கு ரசனை கிடையாது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, வர்ணனையாகச் சொல்கிறேன். மட்டமானதைத் திணித்து மனிதர்களைக் கெடுக்க வேண்டும் என்று அது சதி செய்யவில்லை. விலைபோகும் எதையும் பதிவு செய்தது. பஜனையும் பதிவாயிற்று, தில்லானாவும் பதிவாயிற்று, நாடக மேடைப் பாட்டும் பதிவாயிற்று. அதற்கு வேண்டியது ஒன்றுதான்: வாங்கியவன் மறுபடி வாங்க வேண்டும். மனிதனுக்கு ஆயுள் முடியும், கம்பெனிக்கு முடியாது. நூறு வருஷத்துக்கு ஒரே தட்டை விற்றுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பழையது பழையதாகியே தீர வேண்டும். 1948-ல் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்தது. 1949-ல் போட்டிக் கம்பெனி சிறிய 45 சுழற்சித் தட்டைக் கொண்டுவந்தது. விலை மலிவு, பையன்களின் கைக்காசுக்கு எட்டும். 1954-ல் டிரான்சிஸ்டர் வந்து, வீட்டுக்கு ஒன்றாகக் கூடத்தில் இருந்த ரேடியோ ஆளுக்கொன்றாகிப் படுக்கையறைக்குப் போயிற்று. பிறகு கேசட். 1979-ல் வாக்மேன். பின்னர் குறுந்தகடு. இன்று ஒன்றுமே இல்லாமல் காற்றில். ஏறக்குறைய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தலைமுறை. அப்பாவின் கருவியில் மகனின் பாட்டு ஓடாது என்பது வெறும் இயந்திர விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஓடாத கருவிகள் இருக்கும் வீட்டில் சேர்ந்து கேட்பது என்ற காரியமே நின்றுபோகிறது.

கம்பெனிகளும் தமக்குள் சேர்ந்துகொண்டன. மந்தத்தில் தட்டு விற்பனை சரிந்ததும் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து 1931-ல் ஈ.எம்.ஐ. ஆயின. 1962-ல் பீட்டில்ஸை எடுத்துக்கொண்டதும் அதுவே. தகப்பன்மார்களுக்கு பீத்தோவன் சிம்பனிகளை விற்றுக்கொண்டிருந்ததும் அதுவே. இங்கிலாந்தின் எத்தனையோ வீடுகளில் அறுபதுகளில் நடந்த சண்டையில் இரு தரப்புக்கும் ஆயுதம் ஒரே கடையிலிருந்து போயிற்று. இங்கும் அதே. என் அப்பா பூஜை மாதிரி துடைத்து வைத்திருந்த தட்டுகளின்மேலும் நாய். 'இதெல்லாம் ஒரு பாட்டாடா?' என்று அவர் கேட்ட எழுபதுகளின் சினிமாத் தட்டுகளிலும் பெரும்பாலானவை அதே கம்பெனியினுடையவை. நாங்கள் மட்டும் எதிரிகளாக இருந்தோம்.

5

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அடோர்னோ 1938-லும் 1941-லும் எழுதியதைச் சற்று மாற்றி எழுதியதாகவும் ஆகிவிடும். ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. பிளேட்டோவின் சாலை யாருக்காகப் போடப்பட்டது?

மகன் ஐம்பது வயதில் தகப்பனின் டாசிடஸுக்கு வந்து சேர்வான் என்பது லத்தீன் படித்தவன் மகனுக்கு. என் அப்பா பதினைந்து வயதில் கேட்ட கச்சேரிகளைக் கேட்க ஒரு தெரு வேண்டியிருந்தது, ஒரு வாசல் வேண்டியிருந்தது, உள்ளே உட்கார அனுமதி வேண்டியிருந்தது. எங்களூரில் அந்தத் தெருவுக்குள் செருப்போடு வர முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரனும் அப்பாவின் பேத்தியும் இன்று ஒரே பாட்டை விரும்புகிறார்கள். மகனுக்குத் தகப்பன் ரசனை வராமல் போனது இழப்புதான். ஆனால் யாருக்குத் தகப்பன் ரசனை என்று கொடுக்க ஒன்றும் விடப்படவில்லையோ, அவனுக்கு இந்த உடைசல் வழியாகத்தான் காற்று வந்தது. டீக்கடைத் தட்டுக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. முதன்முதலில் கூம்பின் முன் நின்று பாடத் துணிந்தவர்களும் பெரும்பாலும் கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பெண்கள். மரியாதைப்பட்ட வித்வான்கள் பலர் தயங்கி நின்ற காலம் அது. ஆன்மா இல்லாதவனுக்கு ஆசாரமும் இல்லை. அதற்காக அவனைப் புரட்சிக்காரனாக்கவும் வேண்டாம். வங்காளத் தட்டுகளில், தொழில் பாடகியல்லாத குடும்பப் பெண்ணின் பெயர்ப்பக்கம் 'அமெச்சூர்' என்று அச்சடித்துக் கொடுத்தவனும் அவனே. ஆசாரம் விலைபோகுமென்றால் அதையும் விற்பான்.

கிழவர்களின் தீர்ப்பை ஓர் அரசாங்கம் நிறைவேற்றிப் பார்த்ததும் உண்டு. 1952-ல் மந்திரி கேஸ்கர் காலத்தில் அகில இந்திய ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டது. சாஸ்திரீய சங்கீதம் ஜனங்களிடம் போக வேண்டும் என்ற எண்ணத்தைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் ஜனங்கள் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். 1957-ல் விவித் பாரதி ஆரம்பித்து அரசாங்கம் அவர்களைப் பின்தொடர்ந்தது. காவலரை வைத்துக் காப்பாற்றினால் ரசனை தங்குவதில்லை.

ஆக, கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. அதற்கு ஆன்மா இல்லை என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. ஆன்மா இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் நாம்.

6

என் சந்தேகம் இது: கம்பெனியிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டது பாட்டை மட்டுமல்ல, அதன் சட்ட லட்சணத்தையும் வாங்கிக்கொண்டுவிட்டோம். ரசனையில் நமக்கும் இப்போது வரையறுக்கப்பட்ட பொறுப்புதான். பிடித்தது என்று சொல்ல ஒரு தொகை, ஒரு விரலசைவு. அதற்கு மேல் ஒன்றும் போகாது. பிடிக்கவில்லை என்று சொல்ல அதுவும் வேண்டாம். ஒரு தலைமுறையின் பங்குதாரனாகப் பிறந்துவிட்டால் லாபம் தானாக வருகிறது: நம் காலத்துப் பாட்டுதான் பாட்டு என்ற நிம்மதி. மற்றத் தலைமுறையின் கடனுக்கு நாம் பொறுப்பல்ல.

'எழுத்து' 1959 முதல் 1970 வரை வந்தது. செல்லப்பா புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அவர் ரசனையில் நமக்கு ஆயிரம் தகராறு இருக்கலாம். ஆனால் அது எல்லையற்ற பொறுப்பு. தனக்குப் பிடித்தது நொடித்தால் தன் வீடும் மாடும் போகும் என்று தெரிந்து கொண்ட பிடிப்பு. சிறுபத்திரிகை சாகிறது என்பதைக் குறையாகவே சொல்லி வருகிறோம். சாகக்கூடியவன் சொல்வதற்கு ஒரு எடை உண்டு என்பதையும் யோசிக்கலாம். சாகாத கம்பெனியும் ஒருநாள் சாகிறது: 2007-ல் கைமாறி, 2011-ல் கடன்கொடுத்த வங்கியிடம் போய், 2012-ல் ஈ.எம்.ஐ. துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஆனால் அதன் சாவில் யாரும் சாகவில்லை. குரல்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறின, அவ்வளவுதான்.

இப்போது என் கணக்கு. போன மாதம் மகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே கசிந்த சத்தத்தை வைத்து, "என்னம்மா இது, பாட்டா?" என்றேன். அப்பாவின் வாக்கியம், 'டா' மட்டும் இல்லை. அவள் கோபிக்கவில்லை. "கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா" என்று ஒரு காதுக்கானதைக் கழற்றிக் கொடுத்தாள். நாற்பது நிமிஷம் கேட்டேன். பிடிக்கவில்லை. ஆனால் நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு சொன்ன பிடிக்கவில்லைக்கும் முதலில் சொன்னதற்கும் வித்தியாசம் இருந்தது. இரண்டாவதற்கு நான் ஏதோ கொடுத்திருந்தேன், காரணமும் சொல்ல முடிந்தது. அவளும் பதிலுக்குத் தன் காரணத்தைச் சொன்னாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "தாத்தா என்னப்பா கேப்பாங்க?"

பெயர்களைச் சொன்னேன். எப்படி இருக்கும் என்று அவள் கேட்டபோது சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு தட்டைக்கூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை. அப்பா போன அடுத்த வருஷம் வீட்டை ஒழித்தபோது, சாவி கொடுக்கும் பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தேன். பெட்டிக்குத்தான் காசு கொடுத்தார். தட்டுகளுக்கு எடை போடமாட்டேன், உடைந்துபோகிற சாமான் என்றார். சரி, சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அப்பாவின் வீட்டுக்கு வாரிசானேன். அவர் விட்டுப்போன கடனுக்கு ஆகவில்லை. அந்தப் பாரத்தை எந்தக் கம்பெனியின் தலையிலும் ஏற்ற முடியாது. ஆன்மா இல்லாதவன் விற்ற பொருளை ஆன்மா உள்ளவர் ஒருவர் இருபது வருஷம் துடைத்துத் துடைத்து வேறொன்றாக ஆக்கி வைத்திருந்தார். அதை மறுபடி வெறும் சாமானாக்கியவன் நான்.

அந்தத் தட்டுகளில் ஒன்று இப்போது போனில் கிடைக்கிறது. யாரோ தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து கேட்டேன். கரகரப்புக்கு நடுவே ராகம் மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்று, திரும்புவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, இதில் யாரும் போடவில்லை என்றேன். நம் வீட்டில் இருந்தது, நான்தான் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.